தையல் இருந்த பக்கம்

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்றைய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், நான் உதை பழக்கும் நோலன் இரண்டு உதைகளைத் தவறவிட்டான். இரண்டும் கம்பங்களுக்கு நடுவே போகாமல் வலப்பக்கம் போயின. இரண்டு புள்ளியில் தோற்றோம். மூன்று ஆட்டம், ஏழு உதை, ஐந்து வெளியே.

கூட்டத்தில் தலைமைக் கோச் ரஸ்க் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "வெர்ன், உன் ஆளை இன்னும் எத்தனை வாரம் சுமக்கப் போறே? உதைக்க முதலாண்டுக்காரன் ஒருத்தன் சும்மாதான் நிக்கிறான்."

இன்னும் ஒரு ஆட்டம் கொடுங்கள் என்றேன். ஏன் கேட்டேன்? அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசி அவனை இந்தக் கல்லூரிக்குக் கூட்டி வந்தவன் நான். வேறு காரணம் தெரியவில்லை.

செப்டம்பர் 16

தனிப் பயிற்சி. பந்தை இரும்புத் தாங்கியில் நிறுத்தி உதைத்தான். இருபதுக்குப் பத்தொன்பது. அப்புறம் சனிக்கிழமை மட்டும் என்ன வருகிறது? பந்தை நோக்கி ஓடிவரும் அடிகளில் இரண்டைக் குறைத்தேன். போன வாரம் ஒன்றைக் கூட்டியதும் நான்தான்.

தவறவிட்ட வாரத்தில் உதைப்பவனிடம் யாரும் பேசமாட்டார்கள். கெச்சப் கேட்டால் முகம் பார்க்காமல் தள்ளிவிடுவார்கள். இன்று அவன் மேசையில் டீகன் மட்டும்தான். இருவரும் ஒரே அறைக்காரர்கள். ஆட்டத்தில் நோலனுக்குப் பந்தை நிறுத்திப் பிடிப்பவனும் டீகன்தான். மைதானத்தில் அவனுக்கு அந்த ஒரு வேலைதான்.

செப்டம்பர் 18

மழை. முழங்கால் வலி.

செப்டம்பர் 20, சனி

முப்பத்தொரு கெஜத்திலிருந்து நோலனின் உதை. மறுபடி வலப்பக்கம். ஜெயித்துவிட்டோம், அதனால் யாரும் கத்தவில்லை.

பேருந்தில் ரஸ்க்: "நீ கேட்ட ஒரு ஆட்டம் முடிஞ்சிருச்சு. திங்கக்கிழமை நீயே அவன்கிட்ட சொல்லிடு."

செப்டம்பர் 21

என் கேமரா எப்போதும் நோலனுக்குப் பின்னால் இருக்கும், அவன் காலைப் பார்ப்பதற்காக. இன்று அணியின் இன்னொரு கேமரா கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த படங்களை ஓட்டினேன். அவனிடம் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

உதைக்கும்போது பந்தின் தையல் கம்பத்தைப் பார்த்திருக்க வேண்டும்; பக்கவாட்டில் இருந்தால் பந்து விலகிப் போகும். அப்படியானால் இந்தப் படத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லை. தவறிய ஆறிலும் தெரியவில்லை. பந்தைத் திருப்ப வேண்டிய டீகனின் சுட்டுவிரல் மடங்கவே இல்லை.

நோலனை வரச்சொன்னேன்.

"டீகன் விரல் விஷயம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும் கோச். முதல் ஆட்டத்துலேர்ந்து. விரல் முறிஞ்சிருக்கு. சொன்னா உட்கார வச்சிருவாங்க. அவனுக்கு இது கடைசி வருஷம்."

"உனக்கு?"

"எனக்கு இன்னும் ஒண்ணு இருக்குல்ல."

"அடியைக் கூட்டு, குறைன்னு நான் உன்னைப் பாடாப் படுத்தினேனே. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க என் காலைத்தானே பாத்துட்டிருந்தீங்க."



செப்டம்பர் 22

ரஸ்க்கிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பது? டீகனின் விரலுக்குக் கட்டுப் போட்டார்கள். இனி வேறொருவன் பிடிப்பான். நோலனுக்கு இன்னும் ஒரு ஆட்டம்.

அவன் என் அறை வாசலில் நின்றான். "உங்களை நம்பித்தான் சொன்னேன், கோச்." உள்ளே வரவில்லை.

செப்டம்பர் 27, சனி

நான்கு உதை. நான்கும் உள்ளே. என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 7

மதியம் நோலன் மேசையில் ஆறு பேர். டீகன் கட்டுப்போட்ட விரலை நீட்டி, "தொடாதே, இது அணியோட சொத்து" என்று யாரையோ வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

பயிற்சியில் நோலன் என் பக்கத்தில் வந்து நின்றான். பதினைந்து நாளில் இதுதான் முதல் பேச்சு.

"கேமரா இன்னைக்கு எங்க, கோச்?"

கம்பத்துக்குப் பின்னால் கையைக் காட்டினேன். தலையசைத்துவிட்டுப் போய், பந்திலிருந்து பின்னோக்கி அடிகளை எண்ணி நின்றான். நான் மாற்றுவதற்கு முன்பிருந்த எண்ணிக்கை.