இடக்கையைத் தூக்கிய பிள்ளைகள்

அக்கராயன்,
9.8.1980

அன்புள்ள பத்மாசனி,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். காணிக்காகத்தான் நான் கனகலிங்கத்தின் பாடத்தைக் குழப்பினேன் என்று கிளிநொச்சிச் சந்தைவரை கதை போயிருக்கிறது. உன் கடிதத்திலும் அது மெதுவாக எட்டிப் பார்க்கிறது. அது பொய். வாய்க்காலுக்குக் கீழே உள்ள காணியை நான் அவன் பெயருக்கு எழுதிக்கொடுத்துச் சித்திரையோடு ஒரு வருடமாகிவிட்டது. பிள்ளையில்லாத எனக்கு, அவரும் போன பிறகு, வயல் எதற்கு? பாடத்தைக் குழப்பியது உண்மை. பழிவாங்கவே குழப்பினேன் என்பதும் உண்மை. காரணத்தை மட்டும்தான் சனம் பிழையாகச் சொல்கிறது.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அதில் திகதி இல்லை. ஆசிரியர் கலாசாலையின் உப அதிபர் திகதி போடாமல் எழுதுவது அழகல்ல. கன்னியர் மடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபிக்காதே. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருவதாக எழுதியிருந்தேன். வரமாட்டேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. குளத்திலும் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கிணற்றில் அள்ளவே ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது.

நீ கேட்டிருப்பதற்கு வருகிறேன். கனகலிங்கம் என் கணவருடைய தங்கை சிவலட்சுமியின் மகன். உன்னிடம் படிக்க வருமுன் இங்கே தொண்டர் ஆசிரியராக இருந்தவன். அவனுக்கு நற்சான்று எழுதிக்கொடுத்தவளும் நான்தான். கற்பித்தல் பயிற்சிக்கு இந்தப் பாடசாலையையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் முதற்பாடம் தேவாரம் சொல்லிக்கொடுக்க நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். ஆகவே நடந்ததை எவரும் சொல்லி நான் அறியவில்லை. கண்ணால் கண்டது.

ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகப் படிக்கும் என்று நீங்கள் அங்கே விரிவுரை செய்கிறீர்கள். ஒரு பிள்ளைக்குக் காதால் கேட்டால் ஏறும், ஒரு பிள்ளைக்குக் கண்ணால் பார்க்க வேண்டும், இன்னொன்று தொட்டுச் செய்துபார்த்தால்தான் பிடிக்கும். நல்ல விரிவுரை. நாற்பது வருடம் வகுப்பில் நின்ற எனக்கு அது புதிதல்ல, ஆனாலும் நல்லது. இதை வைத்துக்கொண்டு உன் மாணவன் என்ன செய்தான் தெரியுமா? நாலாம் வகுப்பை மூன்றாகப் பிரித்தான். கேட்டுப் படிக்கிற பிள்ளைகள் முன்வரிசை, பார்த்துப் படிக்கிறவர்கள் நடுவரிசை, கையால் செய்து படிக்கிறவர்கள் பின்வரிசை. வடிவாகப் பாடக்குறிப்பு எழுதி, மூன்று நிறத்தில் அட்டையும் வெட்டி ஒட்டியிருந்தான்.

பின்வரிசையில் யார் யார் என்று பார்த்தேன். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குளக்கட்டுக்கு அப்பால் குடில் போட்டிருக்கிறார்களே, அவர்களுடைய பிள்ளைகள். ஒன்று தப்பாமல் எல்லோரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய நம்மவர் பிள்ளை ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை. எப்படிப் பிரித்தாய் என்று கேட்டேன். “அவையளுக்குக் கைவேலைதான் மாமி வரும், பரம்பரை பரம்பரையாக் கொழுந்து கிள்ளின கை” என்றான். புத்தகம் தட்டுப்பாடு. பின்வரிசைக்கு வந்த புத்தகங்களை எடுத்து முன்வரிசைக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் முன்னால் ஆளுக்கொரு களிமண் உருண்டையை வைத்திருந்தான்.

அப்போதே நான் சத்தம் போட்டிருப்பேன். உங்கள் விரிவுரையாளர் மறுநாள் பாடம் பார்க்க வர இருந்தார். வெளியார் வரும்போது வீட்டுச் சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த முதல் வருகையைப் பற்றி உங்கள் விரிவுரையாளர் எழுதிய குறிப்பு உன் கையில் இருக்கும். கேட்ட கேள்விக்கெல்லாம் வகுப்பு முழுதும் கையைத் தூக்கியது என்று அதில் புகழ்ந்திருப்பார். நீயும் நானும் படிப்பிக்கத் தொடங்கிய காலத்திலேயே இருந்த வித்தை அது. விடை தெரிந்தவன் வலக்கையைத் தூக்க வேண்டும், தெரியாதவன் இடக்கையைத் தூக்க வேண்டும். கதிரையில் இருந்து பார்க்கிறவருக்குக் காடுபோலக் கைகள் தெரியும். ஆசிரியர் வலக்கைகளில் ஒன்றைப் பார்த்துக் கூப்பிடுவார். அதைத்தான் இவனும் பழக்கியிருந்தான்.

பாடம் பின்னம். மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று கேட்டான். கைகள் எழுந்தன. பின்வரிசையில் பேச்சியம்மா என்று ஒரு சின்னப் பெண், எழும்பி நிற்காத குறையாக இடக்கையை நீட்டிக்கொண்டிருந்தாள். விரிவுரையாளர் அவளைக் காட்டி, அந்தப் பிள்ளை சொல்லட்டும் என்றார். “அது வேண்டாம் சேர், அது கைவேலைப் பிரிவு” என்றான் கனகலிங்கம். அவர் விடவில்லை. அவள் எழுந்தாள். “மூணுல ஒண்ணுதான் பெருசுங்க சார். ஒரு ரொட்டிய நாலு பேருக்குப் பிச்சா துண்டு சின்னதாப் போயிருமே” என்றாள். முன்வரிசையில் சிலர் அவளுடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். விடை சரி, காரணமும் சரி. கனகலிங்கம் முகம் கறுத்து, “நீ இடக்கையை எல்லோ தூக்கினனீ” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். விரிவுரையாளருக்கு அது விளங்கவில்லை. மரியாதைக்காக வலக்கையைத் தூக்கப் பழக்குகிறான் என்று நினைத்துத் தலையாட்டினார். எனக்கு விளங்கியது.

பேச்சியம்மா இடக்கைக்காரி. எழுதுவதும் அந்தக் கை, குடம் தூக்குவதும் அந்தக் கை. இரண்டு மாதம் ஒரு வகுப்பில் நின்றவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவளுக்கு விடை தெரியாது என்றே ஒவ்வொரு நாளும் அவளைத் தாண்டிப் போயிருக்கிறான். பிள்ளையின் எந்தக் கை எழுதும் கை என்று பார்க்காதவன், எந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று மூன்று நிறத்தில் அட்டை வெட்டியிருக்கிறான்.

விரிவுரையாளர் பஸ் ஏறியதும் அவளைக் கூப்பிட்டு, இடக்கையை நீட்டச் சொல்லி, கோடு கீறுகிற அடிமட்டத்தின் விளிம்பால் அடித்தான். விரல் மொளி வீங்கிக் கன்றிப்போனது. மறுநாள் அவள் வரவில்லை. நான் குடிலுக்குப் போனேன். தாய் வடிவம்மா என்னை உள்ளே வரச் சொல்லி, இருக்கச் சாக்கு விரித்தாள். “வலது கையத் தூக்கணும்னு புள்ளைக்குத் தெரியுங்கம்மா. ஆனா பதில் தெரிஞ்சதும் அந்தக் கைதான் முந்திக்கிட்டுப் போகுது. அதுக்கு நான் என்னாங்க பண்ணுறது?” என்று கேட்டாள். இப்போது அந்தப் பிள்ளை தாயோடு மிளகாய் பிடுங்கப் போகிறாள்.

கனகலிங்கத்தை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டுத்தான் கேட்டேன். குழம்பு நல்லாயிருக்கு என்றான். “உதெல்லாம் ஆர் மாமி செய்யாதது? ஒரு தோட்டக்காட்டுப் பெட்டைக்கு ரெண்டடி போட்டதுக்கு இவ்வளவு கதையோ?” என்று சிரித்தான். போய் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். கை கழுவிக்கொண்டு போனான். எங்கே போனான்? சைக்கிளில் ஏறி வாசிகசாலைக்குப் போனான்.

தலைமையாசிரியர் ஐயாத்துரையிடமும் சொன்னேன். “பெடியன்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போடாதேங்கோ அக்கா, எல்லாம் ரெண்டு கிழமையில முடிஞ்சிடும்” என்றார். பேச்சியம்மாவுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே இரண்டாம் வருகை நாளில், முதற்பாடத்தில், தேவாரம் பாடி முடித்ததும் நாலாம் வகுப்பின் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். இன்றைக்குக் கைகள் மாறுகின்றன. விடை தெரிந்தவர்கள் இடக்கை. தெரியாதவர்கள் வலக்கை. கனகலிங்கம் சேருக்கு யாரும் சொல்லக்கூடாது, சொன்னால் எனக்குத் தெரியவரும். அந்தப் பிள்ளைகளுக்கு அவனிடம் எவ்வளவு பயமோ, அதைவிட என்னிடம் பயம்.

நான் பின்னால் ஒரு கதிரையில் இருந்து பார்த்தேன். அவன் கேள்வி கேட்டான். எல்லாக் கைகளும் எழுந்தன. வலக்கை தூக்கிய ராசுவைக் கூப்பிட்டான். ராசு எழுந்து மிகவும் மரியாதையாக, “தெரியாது சேர்” என்றான். இன்னொரு கேள்வி, இன்னொரு வலக்கை. “தெரியாது சேர்.” முன்வரிசை, நடுவரிசை, எங்கே கூப்பிட்டாலும் அதே பதில். தெரியாதென்றால் ஏன் கையைத் தூக்கினீர்கள் என்று விரிவுரையாளரே கேட்டுவிட்டார். ராசு என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “தெரியாத ஆக்கள் இந்தக் கையைத்தான் சேர் தூக்க வேணும்” என்றான். விரிவுரையாளர் பேனையை மூடி வைத்தார். கனகலிங்கத்தின் சேட்டு முதுகோடு ஒட்டிப்போயிருந்ததை நான் பார்த்தேன். அவன் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி முடியும்வரை நான் எழும்பவில்லை. எனக்கு அது இனித்தது, பத்மாசனி. உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஒரு குறைதான். அன்றைக்கு மட்டுமாவது பிள்ளையை அனுப்பு என்று வடிவம்மாவிடம் சொல்லியனுப்பியிருந்தேன். மிளகாய் ஆய்கிற நாள், அனுப்பவில்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரர்கள் எல்லோரும் இடக்கையைத் தூக்கிய அன்று, இடக்கைக்காரி அங்கே இல்லை.

நான் செய்தது ஆசிரியத் தொழிலுக்கு ஒவ்வாதது என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வாததுதான். பிள்ளைகளைக் கொண்டு ஒரு வளர்ந்தவனைத் தலைகுனிய வைத்தேன். அதற்கான கூலியும் கிடைத்துவிட்டது: முதற்பாடத்துக்கு இனி வரவேண்டாம் என்று ஐயாத்துரை சொல்லிவிட்டார். தவணை முடியும்வரை காலையில் பாடசாலை மணி கேட்கும்போது சேலை உடுத்தி ஆயத்தமாக இருந்தேன், போக இடமில்லை. சிவலட்சுமி மச்சாள் படலையில் நின்றுகொண்டு, “நாளைக்குக் கண்ணை மூடினா உங்களுக்குக் கொள்ளி வைக்கிறது ஆர் எண்டு யோசிச்சுப் பாத்தனீங்களோ?” என்று தெரு முழுதும் கேட்கக் கத்திவிட்டுப் போனா. யோசித்தேன். அவனைத் தவிர எனக்கு ஒருவருமில்லை. அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செத்த பிறகு எரிவது எனக்குச் சுடப்போவதில்லை. அந்தப் பிள்ளையின் கை உயிரோடிருக்கும்போதே கன்றிப்போனது.

இரண்டாம் வருகையில் தவறியதால் அவன் மூன்றாம் வருகை கேட்டு விண்ணப்பித்திருக்கிறான், என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். கொடுக்காதே. கொடுத்தால் நன்றாகவே படிப்பிப்பான். அவன் கெட்டிக்காரன், எனக்குப் பயமே அதுதான். தேறினால் வரும் வருடம் நியமனம் கிடைக்கும். போகிற இடத்திலும் ஒரு பின்வரிசை வைப்பான். அவன் மனம் திருந்த வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. இன்னும் ஒரு வருடம் உன் கலாசாலையில் இருக்கட்டும். கூடப் படித்தவர்கள் நியமனம் பெற்றுப் போக, தன்னிலும் இளையவர்களுக்குப் பின்னால் கடைசி வாங்கில் இருந்து பார்க்கட்டும். என் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் எடு. ஓய்வூதியக்காரிக்கு என்ன தண்டனை உண்டு என்று நீயே தேடிக் கண்டுபிடி.

நேற்று மறுபடியும் வடிவம்மாவிடம் போனேன். பிள்ளை ஒரு பனையோலைக் கடகத்தில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பாவாடைக்குள் ஒளித்தாள். தாய் சொன்னது இது: “அந்த சாரு பாஸாகிட்டா திரும்பவும் இங்கதானே வருவாரு? வரமாட்டாருன்னு காயிதத்துல எழுதி வரட்டுங்கம்மா. புள்ளய அனுப்புறேன். வாயால சொன்னதக் கேட்டுக் கேட்டுத்தாங்க நாங்க இம்புட்டுத் தூரம் வந்துட்டோம்.” மூன்றாம் தவணை தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் அவள் வகுப்புக்குத் திரும்பாவிட்டால், பிறகு திரும்பமாட்டாள். இப்படிப் போன பிள்ளைகளை நீயும் கண்டிருக்கிறாய்.

உன் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிய அம்மாளாச்சி துணை நிற்கட்டும். ஆளனுப்பிச் சொல்லிவிடாதே, இங்கே வருகிறவர்களிடமும் சொல்லிவிடாதே. என்ன முடிவு எடுத்தாலும் கலாசாலைத் தாளில், திகதியிட்டு, கையொப்பமிட்டு எழுது. அவனைத் தேறவைப்பதென்று முடிவெடுத்தாலும் எழுது. அதையும் அந்தக் குடிலில் போய் வாசிக்க வேண்டியவள் நான்.

எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கமலாட்சி சிவராசா