சுண்ணாம்புக்கு அடியில் போன சம்மன்

5-10-76, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கரி நனைந்து ஒரே புகை. ஈயம் பூச வந்தவை: ஹோட்டல் அண்டா ஒன்று, பித்தளைக் குடம் இரண்டு. குடம் முடிந்தது. அண்டா நாளைக்கு. முதுகு வலி.

இந்த நோட்டில் இன்றுதான் ஆரம்பம். தை மாதத்திலிருந்து முதியோர் வகுப்புக்குப் போன பலன். ஒரு வரி எழுத ஒரு பீடி நேரம். ஆகட்டும். நான் எழுதியதை நானே படிக்கிறேன், புரிகிறது! எழுபது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் உண்டு என்று எவரும் சொல்லவில்லையே.

ஆனால் முதல் சேதி நல்ல சேதி இல்லை. நேற்று கோர்ட் அமீனா உத்தரவோடு வந்தார். வீட்டுக்காரர் மகன் போட்ட கேஸில் எனக்கு எதிராகத் தீர்ப்பாகி எட்டு மாதமாம். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். முப்பத்தொரு வருஷம்.

"எந்தக் கேசுங்க?" என்றேன்.

"சம்மன் போன வருசமே கதவுல ஒட்டியாச்சு பாய். நீங்க வரலைன்னா கோர்ட்டு என்ன பண்ணும்?"

என் மனைவி மைமூன் சோற்றைத் தொடவில்லை.

6-10, புதன்

மழை இல்லை. மெட்ராஸிலிருந்து சட்டம் படிக்கும் பிள்ளைகள் ஆறு பேர், பூஜை லீவில் வந்து பாலக்கோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இல்லாதவர்களுக்கு மனு எழுதித் தருகிறார்கள். இலவசம். பாகத் தகராறு, வழித் தகராறு, ஜீவனாம்சம், எல்லாம் வரிசையில். பத்து மணிக்குப் போனவனை மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள்.

நளினி என்ற பெண். கண்ணாடி போட்டவள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம்.

"கதவுல பேப்பர் ஏதாவது ஒட்டியிருந்துச்சா தாத்தா?"

"இருந்துதும்மா. பெருநாளுக்கு வெள்ளை அடிக்கறப்ப பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அது மேலயே அடிச்சிட்டேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. குடும்பக் கட்டுப்பாட்டு நோட்டீஸ் என்று நினைத்தேன். ஊரெல்லாம் அதுதானே ஒட்டினார்கள். இந்த வயதில் நமக்கு எதற்கு என்று மைமூனிடம் சொல்லிச் சிரித்தது கூட ஞாபகம். அதையும் சொன்னேன். நளினி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்திலிருந்த பையன், "இது எந்த செக்‌ஷன்ல வரும்?" என்றான்.

பிறகு விளக்கினாள். தாமதத்தை மன்னிக்க ஒரு மனு. தீர்ப்பை ரத்து செய்து மறுபடி விசாரிக்க ஒரு மனு. காரணம், படிக்கத் தெரியாததால் சம்மன் என்று தெரியவில்லை. உண்மையும் அதுதான். மாணவர்கள் கோர்ட்டில் பேசக் கூடாதாம். தர்மபுரியில் ஒரு வக்கீல் பீஸ் வாங்காமல் நிற்பார்.

8-10, வெள்ளி

த.புரி. பஸ்ஸில் நின்றபடி. ஜும்ஆ தொழுகை தவறிவிட்டது.

மனுவை நானே படிக்கிறேன் என்றேன். இரண்டு பக்கம், முக்கால் மணி நேரம். வக்கீல் இரண்டு தடவை டீ குடித்தார். முடித்ததும் மைப்பெட்டியைத் தள்ளினார்.

"கைநாட்டு வையுங்க பாய்."

"கையெழுத்தே போடுவேங்க."

"தெரியுது. வேணாம். சொன்னா கேளுங்க, விரல வையுங்க."

கேட்கவில்லை. எத்தனை வருஷம் அந்த மையை விரலிலிருந்து தேய்த்திருக்கிறேன். ஷேக் மதார். ஷ-வுக்கு மூச்சைப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். அழகாக விழுந்தது! வக்கீல் கூரையைப் பார்த்தார்.

13-10, புதன்

கோர்ட். மைமூனும் வந்தாள். பத்து மணியிலிருந்து வராந்தா. நாலு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். அதற்குள் கால் மரத்துவிட்டது.

எதிர் வக்கீல் என் மனுவைத் தூக்கிக் காட்டினார். "படிக்கத் தெரியாதவராம்! இந்தக் கையெழுத்தப் பாருங்க யுவர் ஆனர். கணக்குப்பிள்ளை தோத்தாரு."

எல்லோரும் சிரித்தார்கள். முன்சீப் மட்டும் சிரிக்கவில்லை.

"எப்பப் படிச்சீங்க?"

"இந்தத் தையிலேருந்துங்க."

"அதுக்கு ஆதாரம்?"

வெள்ளிக்கிழமை ஆதாரத்தோடு வர வேண்டும். இல்லையென்றால் மனு தள்ளுபடி.

பஸ்ஸில் மைமூன்: "ஒரு விரல வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும். உங்களுக்குப் பேரு எழுதணும். வூடே போனப்பறம் எங்க உக்காந்து எழுதுவீங்க?"

அவள் சொல்வது சரி. இன்று எழுத ஆசை இல்லை. இருந்தும் எழுதுகிறேன்.

14-10, வியாழன்

மற்ற பிள்ளைகள் ஐந்து பேரும் நேற்றே மெட்ராஸ் போய்விட்டார்கள். நளினி மட்டும் எனக்காக இருக்கிறாள். பட்டறைக்கு வந்தாள்.

"வகுப்புல அட்டெண்டன்ஸ் எப்படி எடுப்பாங்க தாத்தா?"

"தினம் நோட்டுல கையெழுத்து போடணும்."

"மொத நாள்லேருந்தா?"

"மொத நாள் ஏதும்மா கையெழுத்து? எல்லாருக்கும் கைநாட்டுதான்."

சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். வகுப்பு வாத்தியார் முதலில் மாட்டேன் என்றார். "ரிஜிஸ்டர் வெளிய போனா என் வேலை போயிடும்." நளினி விடவில்லை. ஒரு மணி நேரம் பேசினாள். கடைசியில், "சரி, நானே தூக்கிக்கிட்டு வர்றேன்" என்றார்.

15-10, வெள்ளி

நல்ல மழை. வாத்தியார் ரிஜிஸ்டரைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

முன்சீப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஜனவரி, பிப்ரவரி: மை விரல். மார்ச்: ஷே மட்டும். ஏப்ரல்: முழுப் பெயர், கோடு தாண்டி.

"அடுத்தவர் கட்டத்துக்குள்ள போயிட்டீங்களே."

"அன்னிக்கு அவரு வரலீங்க."

இந்தத் தடவை முன்சீப் சிரித்தார். எதிர் வக்கீல் உட்கார்ந்தார். மனு அனுமதி. இப்போதைக்குக் காலி செய்ய வேண்டாம். கேஸ் மறுபடி முதலிலிருந்து. வாய்தா நவம்பர் 22.

"ஜெயிச்சிட்டமாம்மா?"

"இல்ல தாத்தா. நீங்க சொல்றதக் கேக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான்."

அவள் முகத்திலும் களைப்பு. மூன்று மணி பஸ்ஸில் ஏறினாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

16-10, சனி

வெயில். ஈயம் பூச ஒன்றும் வரவில்லை.

மைமூன் காலையிலிருந்து மூட்டைகளைப் பிரிக்கிறாள். எப்போது கட்டினாள் என்றே எனக்குத் தெரியாது. பாய், துணி, அரிசிப் பானை, எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. ஒரு மூட்டை மட்டும் கதவோரம் அப்படியே இருக்கிறது.

"அதையும் பிரி" என்றேன்.

"இருபத்திரண்டாந் தேதி ஆவட்டும்."