வக்காலத்தில் இரண்டாவது பெயர்

இன்று காலை, அலுவலகத்தின் பதினோராவது மாடியில், தீர யோசித்து ஒரு முடிவெடுத்தேன். காபி இயந்திரத்தில் இதுவரை தொடாமல் வைத்திருந்த இஞ்சி டீ பொத்தானை அழுத்துவது என்று. இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அதைத் தவிர்த்து வந்தேன். சாதக பாதகங்களை ஆராய்ந்து, பின்விளைவுகளை எடைபோட்டு, வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்த பிறகு அழுத்தினேன். கோப்பையில் விழுந்ததற்கும் இஞ்சிக்கும் உள்ள உறவை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. வாசனை மட்டும் எப்படியோ இஞ்சிதான். அது வந்ததும் நீயும் வந்துவிட்டாய்.

காட்டுப்பாக்கத்தில், பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் நாம் நடத்திய அலுவலகத்துக்கு இரண்டு வாசனைகள். கீழேயிருந்து ஆசிட், எதிர்க்கடையிலிருந்து இஞ்சி டீ. படியேறும் கட்சிக்காரர்கள் இருமுவார்கள். இருமலை வைத்தே வருவது யாரென்று நீ சொல்லிவிடுவாய். சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், பிறகு ஒரே மேஜையைப் பங்கிட்டுக்கொண்டோம். காகிதங்களைப் பார்ப்பது நான், மனிதர்களைப் பார்ப்பது நீ. யாருக்கு எளிய வேலை என்று அப்போது எனக்குச் சந்தேகம் இருந்தது.

கோவில்பதாகை வழக்கு முழுக்க உன்னுடையது. ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் வயதில் அங்கே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட குடும்பங்கள் அவர்கள். மனை விற்றபோது வரைபடத்தில் ஒரு சாலை இருந்தது. பக்கத்து நிலத்தை வாங்கிய கட்டுமான நிறுவனம் ஒன்று அந்தச் சாலையும் தன்னுடையது என்று சொல்லி, குறுக்கே சுவர் எழுப்ப வந்தது. நீ பூந்தமல்லி கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கி அதை நிறுத்தினாய். வக்காலத்தில் உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் சேர்த்தாய். அந்த வழக்கில் நான் வாயே திறக்கப் போவதில்லையே, என் பெயர் எதற்கு என்று கேட்டேன்.

“நான் பூட்டேன்னா இன்னா பண்ணுவாங்கோ மச்சான்? ரெண்டு பேரு போட்டா, ஒருத்தனாவது கீறான்னு தெம்பா இருப்பாங்கல்ல.”

டெங்கு குறித்து அப்போது நம்மிடம் எந்தத் தகவலும் இல்லை.

ஒவ்வொரு வாய்தா முடிந்ததும், கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் அவர்களை நிற்கவைத்து நீ ஒரே வசனத்தைச் சொல்வாய். வக்காலத்தில் பேர் இருக்கிற வரைக்கும் கேஸ் இருக்கிறது, பயப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்று. சட்டப்படி அது அரைகுறை. நான் திருத்த முயன்றபோது நீ என் காலை மிதித்தாய். அவர்கள் நிம்மதியாக ஷேர் ஆட்டோ ஏறிப் போனார்கள்.

நான் பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ள உன் நல்ல கோட்டைக் கொடுத்ததே நீதான். தோள் எனக்குச் சற்றுத் தொளதொளவென்று இருந்தது. பின்னால் ஊக்கு குத்திவிட்டுக்கொண்டே சொன்னாய்: “போ மச்சான், யாரு வேணாம்னா? நம்ம கோவில்பதாகை ஜனத்த மட்டும் நடுரோட்ல வுட்டுடாத. அந்த ரோடே கேஸுல கீது.” இருவரும் சிரித்தோம். நான் சரி என்றும் சொன்னேன்.

டெங்குவில் நீ போன பிறகு, ஒரே வாரத்தில் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டும் நாடெங்கும் கிளை பரப்பிய சட்ட நிறுவனங்கள். இரண்டின் வரவேற்பறையிலும் யாரும் புரட்டாத அதே கட்டடக்கலைப் புத்தகம். இரண்டாவது நிறுவனம், கையில் இருக்கும் ஒரு வழக்கை முடிக்கும் வரை நடத்திக்கொள்ளலாம் என்றது. முதலாவது, முடியாது என்றது. காரணம் எளிமையானது: அந்தக் கட்டுமான நிறுவனம் அவர்களுடைய கட்சிக்காரர். நான் கோவில்பதாகை வழக்கிலிருந்து விலகிவிட்டால் போதும். எதிர்த்தரப்புக் கோப்பு என் கண்ணில் படாமல் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் தொழிலில் நேர்மைக்கு அப்படித்தான் ஏற்பாடு செய்வது.

நான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது பதிவாக வேண்டும். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பல மாலைகள் நடந்தேன். மருத்துவக் காப்பீட்டில் அப்பா அம்மா வருவார்களா, கார் நிறுத்த நிழல் உண்டா, மதியச் சாப்பாட்டில் ரசம் இருக்குமா என்று விசாரித்தேன். முதல் இடத்தில் நான் பார்ட்னர். இரண்டாவதில் அதற்கு ஒரு படி கீழே. விசிட்டிங் கார்டின் கனத்தைக்கூட நகத்தால் சுண்டிப் பார்த்தேன். கோவில்பதாகையை மட்டும் எந்தத் தட்டிலும் வைக்கவில்லை. அதை வைத்தால் தராசு ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றுவிடும் போலிருந்தது.

என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அவரு இருந்திருந்தா எதுல சேரச் சொல்லியிருப்பாரு?”

இருந்திருந்தால் கேட்டிருக்கலாம் என்றேன். குறுக்கு விசாரணையில் நிற்கக்கூடிய பதில். அவள் எழுந்து போய் துணி மடிக்கத் தொடங்கினாள். நான் பார்ட்னர் ஆனேன்.

நம் அலுவலகத்தைக் காலி செய்த நாளில் கோவில்பதாகைக்காரர்கள் வந்தார்கள். படியில் இருமல் கேட்டது. யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. எஸ்தர் அக்கா முன்னால் வந்தார். நினைவிருக்கிறதா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் உனக்கு மட்டும் டிபன் டப்பாவில் புட்டு கொண்டுவருவாரே, அவர்தான். இந்த முறை கையில் ஆப்பிளும் ஒரு சரிகைப் பொன்னாடையும் இருந்தன. நான் பெரிய இடத்துக்குப் போகும் செய்தி அவர்களுக்கு எட்டியிருந்தது. அதிலிருந்து அவர்கள் வந்தடைந்த முடிவு இது: தங்கள் வக்கீல் பெரிய கம்பெனியில் சேர்ந்தால், அந்தப் பெரிய கம்பெனியும் தங்கள் பக்கம் சேர்ந்துவிட்டது.

பொன்னாடையைப் போர்த்திய பிறகுதான் என்னால் பேச முடிந்தது. பொன்னாடை போர்த்திய நிலையில் ஒருவன் என்ன பேச முடியும் என்பது உனக்கே தெரியும். இனி நான் ஆஜராக முடியாது, வேறு வக்கீல் வைக்க வேண்டும் என்றேன்.

“நீங்க எதுக்குத் தம்பி அலையணும்? உங்க பேரு அதுல இருந்தா போதும். அவருதான் சொல்லிட்டுப் போயிருக்காரே.”

என் பெயரும் அதில் இருக்காது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் சேரும் இடம் யாருக்காக வேலை செய்கிறது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். விவரமாகக் கடிதம் வரும் என்றேன். கடிதமும் போனது. பதிவுத் தபாலில், பத்தி பிரித்து, எண் போட்டு, குறை சொல்ல முடியாத ஆங்கிலத்தில். ரசீதை இணைத்து விலகல் மனு தாக்கல் செய்தேன், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எஸ்தர் அக்கா அந்தக் கடிதத்தைப் பத்திரமாக பைபிளுக்குள் வைத்தார் என்று பிறகு தெரிந்தது. வக்கீல் அனுப்பிய காகிதம் என்பதால்.

போன வாரம் அவர் போன் செய்தார். சுவர் எழுப்புகிறார்கள், கோர்ட் உத்தரவைக் காட்டினால் சிரிக்கிறார்கள் என்றார். அவரை இணைப்பில் வைத்துக்கொண்டே கைப்பேசியில் வழக்கின் நிலையைப் பார்த்தேன். வாதி தரப்பில் யாரும் ஆஜராகவில்லை, வழக்கு தள்ளுபடி. தடை உத்தரவும் அதோடு போயிற்று. இந்த முறை எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன், நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது உட்பட. அவர் பக்கம் சிமெண்ட் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“உங்க பேரு இருந்துச்சே தம்பி” என்றார்.

வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க மனுப் போடலாம் என்று சொல்லி, பூந்தமல்லியில் ஒரு வக்கீலின் எண்ணைக் கொடுத்தேன். அவரும் பெரிய கம்பெனியா என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கோர்ட்டுக்குப் போகும்போது கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையை நான் எப்போதும் மறந்துவிடுவேன் என்று, நீ உன் பையில் இரண்டு வைத்திருப்பாய். கடைசியாக எனக்குக் கட்டிவிட்டதை நான் திருப்பித் தரவில்லை. புது வேலையில் கோர்ட்டுக்கே போவதில்லை. பட்டைக்கு உபயோகமும் இல்லை. ஆனாலும் அது என் பையின் உள்ளறையில் இருக்கிறது. தினமும் காலையில் கீழ்த்தளத்தில் காவலர்கள் பையைச் சோதிக்கும் இயந்திரத்துக்குள் போய் வெளியே வருகிறது. இதுவரை யாரும் என்னவென்று கேட்கவில்லை.

இஞ்சி டீயை முழுவதும் குடித்தேன்.

கோவில்பதாகையில் ஸ்கூல் வேன் இப்போது மெயின் ரோட்டிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளைகளைச் சுவரைச் சுற்றி நடத்திக் கூட்டிவந்து ஏற்றிவிடுகிறார்கள்.