மீன் வைத்தியம்

2025 ஆகஸ்ட் 4

இன்று ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்தேன். கிளாக்கர் பெருவிரலுக்கு மைப்பெட்டியைத் தள்ளினார். "பேனையத் தாங்க" என்றேன். பக்கீர் முகைதீன். எழுதி முடியும்வரை பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். எழுபத்தொரு வயதில் முதல் கையெழுத்து. பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை.

என் மனைவி றாஹிலா கிணற்றடியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு எழுபது நாள். கண் திறக்கும், மூடும். யாரையும் பார்க்காது.

கையெழுத்து மீன் வைத்தியத்துக்கு. வலது மணிக்கட்டில் இரண்டு வில்லை ஒட்டி மெல்லிய கரண்ட் விடுவார்களாம். அது நரம்பு வழியே போய் மூளையைத் தட்டுமாம். வீட்டுக்கே மெசின் தருகிறார்கள், ஆறு கிழமைக்கு. அதற்குள் ஒரு அசைவும் இல்லையென்றால் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். "எழும்புவாங்க எண்டு நான் சொல்ல மாட்டன் ஐயா. சில பேருக்கு வேல செஞ்சிரிக்கு, சில பேருக்கு இல்ல" என்றார் பிசியோ தர்சிகா மிஸ்.

ஆகஸ்ட் 5

மெசின் இருபது நொடி ஓடும். நாற்பது நொடி நிற்கும். ஓடத் தொடங்கியதும் அவளுடைய பெருவிரல் மடங்கியது. நான் போட்ட சத்தத்தில் மகள் நப்லா அகப்பையோடு ஓடி வந்தாள்.

மெசினைப் பூட்டிக் காட்ட வந்திருந்த தர்சிகா மிஸ் சிரிக்கவில்லை. "அது கரண்ட் ஐயா, உம்மா இல்ல. மெசின் நிக்கக்குள்ள அசைஞ்சா எனக்குக் கோல் எடுங்க."

விளங்கியது. நாற்பது வருடம் கரைவலை இழுத்தவன் நான். கயிற்றில் அலையின் இழுவை வேறு, மீனின் இழுவை வேறு.

ஆகஸ்ட் 9

மெசின் நிற்கும் நாற்பது நொடியில் எனக்கு ஒரு சொல் எழுதலாம். சின்னச் சொல் என்றால் இரண்டு. ஓடும்போது கையைப் பிடித்துக்கொள்கிறேன். இந்தப் பக்கம் முழுக்க அப்படி எழுதியதுதான்.

முழங்கால் விட்டுப்போய் நான் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அவள்தான் எனக்கு எழுத்துப் படிப்பித்தாள். வாய்விட்டுச் சொல்லித்தான் எழுத வேண்டும். கொப்பியைப் பிடித்திருக்கும் என் இடக்கையில் சுட்டுவிரலால் தட்டுவாள். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. "கரை தெரியாத கடல்ல திசை கண்டுபுடிக்கிற மனிசனுக்கு, கொம்பு எந்தப் பக்கம் எண்டு தெரியல்லியே."

இப்போதும் வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுகிறேன். தட்டு மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 14

நப்லா கொப்பியைப் பார்த்துவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்பு.

"வாப்பா, உம்மாக்கு மீனா குடுக்கீங்க? அது மின் வைத்தியம். சுழி வேணாம்."

நான் முதலில் படித்த சொல் மீன். என் பெயரிலும் இரண்டு சுழி. கை தானாகப் போட்டுவிடுகிறது. அவள் திருத்தப் பேனையை எடுத்தாள். நான் கொப்பியை விடவில்லை.

"திருத்துறவ படுத்திரிக்கா. அவ சொல்லட்டும்."

நப்லா குசினிக்குப் போனாள். கனநேரம் வரவில்லை.

ஆகஸ்ட் 20

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 21

ஒன்றுமில்லை. இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதப் பழகிவிட்டேன்.

ஆகஸ்ட் 30

றாஹிலாவின் கூடப்பிறந்த நாநா வந்தார். "ஏன் மச்சான் அவள வதைக்கிறீங்க? அல்லாஹ்ட பொறுப்பில உடுங்க" என்றார்.

நான் வதைக்கிறனா? அவளுக்கு நோகுதா? யார்ட்ட கேக்கிற?

அவர் போனதும் வில்லையைக் கழற்றி என் கையில் ஒட்டிப் பார்த்தேன். நோவில்லை. கரையோரத் தண்ணீரில் கால் வைத்து நின்றால் குஞ்சு மீன் வந்து கொத்துமே, அப்படி. ஆனால் என்ட விரல் எனக்குச் சொல்லாம மடங்கிச்சி. அதுதான் பயமாக இருந்தது. அவளும் அங்கே, உள்ளே, இப்படித்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறாளா?

நப்லா கண்டு ஏசினாள். இனிச் செய்ய மாட்டேன்.

செப்டம்பர் 2

புது வில்லை வாங்க பஸ் ஏறினேன். பஸ் தூரத்தில் வரும்போதே அதன் பெயர்ப் போட்டை வாசித்துவிட்டேன்: அக்கரைப்பற்று. கொண்டக்டர் கூப்பிட முதல். பக்கத்தில் நின்றவரிடமும் சொன்னேன். "அதுக்கென்ன காக்கா?" என்றார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். நல்ல செய்திக்கு "ம்" என்பாள். நாற்பது நொடி பார்த்தேன். மறுகா இன்னொரு நாற்பது.

செப்டம்பர் 10

தர்சிகா மிஸ் கோல் எடுத்தார். திங்கட்கிழமை வருகிறாராம், மெசினை எடுக்க. ஆலையடிவேம்பில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி காத்திருக்கிறாளாம். கோபிக்கவும் ஏலாமல் போயிற்று.

செப்டம்பர் 13

அஸர் தொழுதுவிட்டு மெசினை நிற்பாட்டினேன். வயரையும் கழற்றினேன். கொப்பியைக் கட்டில் ஓரத்தில் வைத்து, அவளுடைய வலக்கையை எடுத்து என் இடக்கையின் மேல் வைத்தேன். பழைய மாதிரி. அப்படி ஒருமுறை எழுத ஆசையாக இருந்தது.

மீன் மெசின் நாளை மறுநாள் போகிறது என்று சொல்லிச் சொல்லி எழுதினேன். மீன் என்றதும் ஒரு தட்டு.

அடுத்த தட்டுக்குப் பார்த்திருந்தேன். வரவில்லை.

கரண்ட் இழுப்பது பெருவிரலை. இது சுட்டுவிரல்.

திரும்பச் சொன்னேன். மீன். ஒன்றும் இல்லை. திரும்ப. மீன். வெளியே ஐஸ்கிறீம் வண்டி பாட்டோடு போய் முடிந்தது. சுட்டுவிரல். ஒன்று.

நப்லாவைக் கூப்பிட்டேன். "வாப்பா, கரண்ட் விட்டிரிக்கா?" என்று கேட்டாள். கழற்றிய வயரைத் தூக்கிக் காட்டினேன். அவள் போனை எடுத்தாள்.

செப்டம்பர் 15

தர்சிகா மிஸ் வெறுங்கையோடு திரும்பிப் போனார். போகும்போது, "இது தொடக்கம்தான் ஐயா, பெரிசா நினைச்சிராதீங்க" என்றார். ஆலையடிவேம்புத் தாய்க்கு வேறு மெசினுக்கு எழுதப் போகிறாராம். அவளுக்காகவும் துஆக் கேட்டேன்.

மின் மெசின் ஓடிக்கொண்டிருக்கிறது. மின். சுழி இல்லை.

முன்பக்கங்களில் உள்ளவற்றையும் திருத்தித் தரட்டுமா என்று நப்லா கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றாக றாஹிலாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.