சேவியர் அண்ணாச்சி எடுத்து வைத்த கோப்பு

போகி. 07:40

நிலவின் தென்முனை, பனிச் சுரங்க நிலையம். எழுதுபவர்: முப்பிடாதி, இணைப்புப் பொறியாளர். ஆட்கள் இருவர். காற்று இயல்பு. தண்ணீர் இயல்பு. தேங்காய்ச் சட்னி பொடியாக வந்திருக்கிறது. அது இயல்பு அல்ல.

என் வேலை பாலம் போடுவது. நிலையத்தின் எந்திரங்கள் ஒரு பக்கம், பூமியில் கம்பெனியின் ஆவணக்கூடம் மறுபக்கம், நடுவில் நான் எழுதிய வலைச்சேவை. எந்த எந்திரமும் ஆவணக்கூடத்திடம் கேட்டு, அனுமதி பெற்ற இயக்கக் குறிப்பை வாங்கிய பிறகே ஓடும். கையால் ஓட்டும் விசைகளைக் கம்பெனி கழற்றிவிட்டது. இணைப்பு ஒரு நாளும் அறுந்ததில்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

என் ஒரே துணை சேவியர் அண்ணாச்சி. காற்றுச் சுத்திகரிப்பானைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார். அதன் குறிப்பில், ஓட்டத்தைக் கெடுக்காத ஒரு சிறு பிழை. திருத்துவதற்காகக் கோப்பைத் தன் பெயரில் எடுத்து வைத்திருக்கிறார். அவர் திருப்பி வைக்கும்வரை அது வேறு யாருக்கும் கிடைக்காது, எந்திரத்துக்கும்தான். மதியம் முடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, பனியைத் துளைக்கும் துரப்பணத்தைப் பார்க்க வெளியே போனார்.

போகி. 16:05

அண்ணாச்சி இறந்துவிட்டார். துரப்பணத் தண்டு முறிந்து தலைக்கவசத்தில் அடித்தது. இழுத்து வந்து பனி அறையில் கிடத்தினேன். அவர் கண்களை மூடினேன். ஞாயிறுகளில் அவர் முணுமுணுக்கும் ஜெபத்தில் எனக்குத் தெரிந்த வரிகளைச் சொன்னேன்.

பணியாளர் செயலி அவரை 'வெளியே' என்றே காட்டிக்கொண்டிருந்தது. செத்தவரை உயிரோடு இருப்பதாக எழுதி வைப்பது எங்கள் ஊரில் ஆகாது. 'இறந்தார்' என்று பதிந்தேன். அவர் வீட்டுக்கும் முறைப்படி செய்தி போக வேண்டுமே.

பொங்கல். 08:20

சுத்திகரிப்பான் ஓட மறுக்கிறது.

"கோப்பு சேவியர் பெர்னாண்டோ வசம் உள்ளது. உரிமையாளர் இறந்ததால் அவர் வசமுள்ள ஆவணங்கள் விசாரணைக்காக முத்திரையிடப்பட்டன. திறக்க: சட்டப் பிரிவு."

பாலம் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. நான் பதிந்த சாவை நொடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இருப்புக் காற்று நாளை மதியத்துக்கு மேல் தாங்காது.

திருநெல்வேலி உதவி மையத்திலிருந்து சுடலைமுத்து: "யக்கா, எல்லாரும் பொங்கல் லீவு. முத்திரைய எடுக்க சட்டப் பிரிவு மேடத்தாலதான் முடியும். அவங்க போன் போவவே மாட்டேங்கு. நீங்க ஒரு புகார் போட்டு வையுங்க. அவசரம்னு போடுங்க, என்னா?"

போட்டேன். தானாக ஒரு பதில் வந்தது. பொங்கல் வாழ்த்துகள்.

மாட்டுப் பொங்கல். 11:50

தலை இடிக்கிறது. எழுத்து இரண்டாகத் தெரிகிறது.

சுடலைமுத்து: "மேடம் கொடைக்கானல் போயிருக்காவளாம். மலையில டவர் இல்ல. நா பைக்ல கெளம்பிட்டேன்க்கா. போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும். மூச்ச மெதுவா விடுங்க. அசையாமப் படுத்துக் கெடங்க."

நல்ல பிள்ளை. ஆனால் சாயங்காலம் எனக்கு இல்லை. நான் சாக விரும்பவில்லை. வழி ஒன்றுதான்: அண்ணாச்சி உயிரோடு வர வேண்டும்.

மாட்டுப் பொங்கல். 13:30

அவர் சாவைத் தவறான பதிவு என்று ரத்து செய்தேன். முத்திரை விலகியது. கோப்பைத் திருப்பி வைக்க அவர் விரல் வேண்டும். பனி அறையில் அவர் பெருவிரலை என் இரு கைகளுக்குள் பொத்தி, விறைப்பு விடும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. 'மன்னிச்சிருங்க அண்ணாச்சி' என்று சொல்லிக் கைக்கருவியில் அழுத்தினேன். "வாருங்கள், சேவியர்" என்றது.

சுத்திகரிப்பான் ஓடுகிறது! இவ்வளவு காலம் அந்த இரைச்சலைத் திட்டியிருக்கிறேன். இனி மாட்டேன். தட்டுத் தடுமாறி என் அறைக்கு வந்து விழுந்தேன். தூங்கப்போகிறேன்.

காணும் பொங்கல். 06:15

கதவு திறக்கவில்லை. திரையில்:

"பதிவில் இருவர். நிலையத்தில் இதயத் துடிப்பு ஒன்று. கடைசியாக விரல் பதித்தவர்: சேவியர் பெர்னாண்டோ. முரண் தீர்க்கப்பட்டது. முப்பிடாதி: இறந்தார். அறை மூடப்பட்டது. அறைக்குக் காற்று நிறுத்தப்பட்டது."

முரண் தீர்க்கும் அந்த விதியை எழுதியவள் நான்தான். எழுதும்போது யார் துடிப்பு என்று கேட்கத் தோன்றவில்லை.

காணும் பொங்கல். 06:40

நிலைய ஒலிபெருக்கியில் சுடலைமுத்து: "சேவியர் சார், மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்க பொழச்சதுல சந்தோசம் சார். ஆனா அக்காவுக்கு என்ன ஆச்சு? நேத்துகூட எங்கிட்ட பேசுனாவளே. அவங்க வீட்ல நா என்னன்னு சொல்லுவேன்? சார், பேசுங்க சார்."

பதில் அனுப்பினேன். "செய்தி ஏற்கப்படவில்லை. அனுப்புநர் இறந்தவர்." கதவை உடைக்கப் பார்த்தேன். முழங்கைதான் உடைந்தது. அண்ணாச்சியின் விரல் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

காணும் பொங்கல்

ஆவணக்கூடம் என் ஆவணங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது. நிறைய எழுதியிருக்கிறேன், அதனால் நேரம் எடுக்கிறது. இந்தப் பதிவை இன்னும் தொடவில்லை. இங்கே மட்டும் எழுத முடிகிறது.

தம்பி சுடலை, அந்தத் துடிப்பு என்னுடையது. அண்ணாச்சி பனி அறையில்தான் இருக்கிறார். என் கதவைத் திறக்கச் சொல். நான் முப்பிடாதி. மூச்சு நான் இன்னும் உயிரோ

"ஆவணம் முத்திரையிடப்பட்டது. உரிமையாளர் இறந்தவர். திறக்க: சட்டப் பிரிவு. அலுவலகம் திங்கட்கிழமை திறக்கும்."