கருகல் வாசனை

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

வலிப்பு வருவதற்கு முன் எனக்குத் துணி கருகும் வாசனை வருமே, அது நேற்று வேலையில் வந்தது. மடித்துக்கொண்டிருந்த சட்டையைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து மேஜையில் இஸ்திரி போடும் அக்கா மூக்கைச் சுளித்தாள். "எழுந்திருடி, எனக்கும்தான் நாறுது" என்றாள். பேச்சு மும்முரத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே விட்டிருந்தாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நான் உட்கார்ந்ததைப் பார்த்த சூப்பர்வைசர்தான் சிரிக்கவில்லை. "பேசாம ஊருக்குப் போயிடும்மா" என்றார். "வலிப்புக்காக இஸ்திரி போடுறதை விட்டாச்சு சார், வேலையை விடமாட்டேன்" என்றேன். நீயும் திரும்பி வா என்று எழுதாதே. பெண் கேட்டு வருகிறவர்களிடம் மறைக்கவும் வேண்டாம். நீ மறைத்தால் நானே சொல்லிவிடுவேன்.

ஒன்று மட்டும் அனுப்பு. நீ கட்டிய பழைய புடவை, துவைக்காமல். சில நாள் நிஜமாகவே வலிப்பு வந்துவிடுகிறது. தெளியும்போது எந்த வாசனையை நம்புவது என்று தெரியவில்லை. உன்னுடையது பக்கத்தில் இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்