இரண்டரை ஏக்கர் கடல்

அனுப்புநர்:
விவசாயி அடையாள எண் 40117
(கடந்த நான்கு மாதங்களாக மீனவர் அடையாள எண் 9),
வடக்குக் கிணற்று வயல்.

பெறுநர்:
வேளாண் இயக்குநர் அவர்கள்,
பயிர்ப் பதிவு மற்றும் கொள்முதல் பிரிவு.
(தங்கள் கண்ணால் படிப்பதற்கு. இயந்திரத்தில் ஏற்ற வேண்டாம்.)

பொருள்: எனது இரண்டரை ஏக்கர் கடலை, தங்கள் பதிவேட்டில் இரண்டரை ஏக்கர் கடல் என்று ஏறியிருப்பதைத் திருத்தி, கொள்முதல் நிலையம் மூடப்படும் இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் எனது மூட்டைகளை எடுத்துக்கொள்ளக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மனு. (அது தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அறிகிறேன். ஏரிகள் பிரிவுக்குக் கிடைத்திருக்கிறது.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கடலை போடும் விவசாயி. சந்தையில் என்னைக் கடலைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கிருந்து கடலுக்குப் பேருந்தில் போனால் ஒரு முழுப் பகல் ஆகும் என்கிறார்கள். நான் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. இந்த வாக்கியத்தில் நான் குறிப்பிடுவது தண்ணீர் உள்ள கடலை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் வழக்கு முழுவதும் இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

2. இந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் எல்லோரும் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். மக்காச்சோளத்தில் இருந்து வண்டிக்கு எரிபொருள் எடுக்கிறார்கள், நல்ல விலை போகும் என்று பேச்சு. நான் மாறவில்லை. காரணம், தங்கள் துறை வீடு வீடாகக் கொடுத்த துண்டறிக்கை. எண்ணெய் வித்து பயிரிடுங்கள், வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருக்கும் நிலை மாறட்டும், விளைந்ததை ஆதரவு விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று அதில் இருந்தது. அட்டையில் ஒரு கடலைச் செடியின் படம் போட்டிருந்தது. அலை எதுவும் இல்லை. அந்தத் துண்டறிக்கையை முழுதாகப் படித்து நம்பிய ஒரே ஆள் நான்தான் என்று இப்போது தெரிகிறது.

3. ஆதரவு விலைக்கு விற்க வேண்டுமானால் பயிரை முன்கூட்டியே செயலியில் பதிய வேண்டும் என்று விதி. பதிவு செய்ய வந்த பெண்மணி மிகவும் நல்லவர், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. வரப்பில் நின்றபடி கைப்பேசியை என் வாயருகே நீட்டி, என்ன பயிர் என்று அதனிடமே சொல்லச் சொன்னார். "ரெண்டரை ஏக்கர் கடலை போட்டிருக்கேன்" என்றேன். அவர் சிரித்தார். இந்த வயதிலுமா என்று கேட்டார். கேலி புரிந்து நானும் சிரித்தேன். நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பேசி தன் வேலையைப் பார்த்துவிட்டது. திரையில் வந்த ஏதோ ஒன்றுக்கு அவர் சரி என்று அழுத்தினார். அன்று மாலைக்குள் இன்னும் நாற்பது வயல்களைப் பதிய வேண்டியிருந்ததால் அவர் அதைப் படிக்கவில்லை.

4. திரையில் என்ன வந்தது என்பதைப் பிற்பாடு தங்கள் அலுவலகக் கணினிப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை அப்படியே எழுதுகிறேன்: "கடலை: இரண்டாம் வேற்றுமை உருபு நீக்கப்பட்டது. மூலச்சொல்: கடல். சரியா?" அதாவது பாலை, பால் ஆக்குவது போல, கல்லை, கல் ஆக்குவது போல, என் கடலையை உங்கள் இயந்திரம் கடல் ஆக்கியிருக்கிறது.

5. என் கொழுந்தனார் தமிழாசிரியர். உதவி கேட்டு அவரிடம் போனேன். விவரத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எலக்கணப்படி பாத்தா அது செஞ்சது தப்பில்ல அண்ணி, கடல் கூட்டல் ஐ, கடலை" என்று கரும்பலகையில் எழுதியே காட்டினார். ஓர் இயந்திரத்துக்கு இவ்வளவு தெரிகிறதே, வகுப்பில் ஒருவனுக்கும் தெரியவில்லையே என்று வருத்தமும் பட்டார். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு இல்லை. இது குடும்ப விஷயம், துறை இதில் தலையிட வேண்டியதில்லை.

6. கடல் என்று பதிவானதும் என் கோப்பு தானாகவே மீன்வளத் துறைக்குப் போய்விட்டது. விவசாயிகளுக்கு மூன்று வருடம் அலைந்தாலும் கிடைக்காத வேகத்தில் அங்கே எல்லாம் நடந்தது. ஒரே வாரத்தில் மீனவர் அட்டை, ஒரு வலை, ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட் வந்து சேர்ந்தன. லைஃப் ஜாக்கெட்டை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். களை எடுக்கும்போதுகூட அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். முதுகு வலிக்கு இதமாக இருக்கிறதாம். வலையை, காயப்போட்ட கடலையைக் காகம் கொத்தாமல் இருக்க மேலே விரித்தோம். அரசுப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியதாக இதைக் கொள்ள வேண்டாம். இந்த விவகாரத்தில் உருப்படியாக வேலை செய்த ஒரே பொருள் அந்த வலைதான்.

7. அறுவடைக்கு நாள் குறித்திருந்த காலையில் எங்கள் கைப்பேசிக்கு எச்சரிக்கை வந்தது. கடல் சீற்றமாக இருக்கும், மூன்று நாட்களுக்கு யாரும் கடலுக்குள் இறங்க வேண்டாம் என்று. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. என் வீட்டுக்காரர் செய்தியை இரண்டு முறை படித்துவிட்டுப் பாயில் திரும்பிப் படுத்தார். "சர்க்காரே எறங்காதேங்குது. எறங்கி எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று என்னைக் கேட்டார். நானும் என் நாத்தனாரும் மூன்று நாள் குனிந்து செடி பிடுங்கினோம். காயை ஆய்ந்தோம். அந்த மூன்று நாளும் அவர் அரசு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வீட்டில் இருந்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் ஓர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

8. விளைச்சல் நன்றாக இருந்தது ஐயா. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். ஐம்பத்து நான்கு மூட்டை. நன்றாகக் காயவைத்து, குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கும் பதத்தில் கட்டினேன். முதல் வண்டியில் ஆறு மூட்டையை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அங்கே எடை போடுபவர் என் எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா, உங்க நம்பருக்கு மீன்தான் எடுக்க முடியும். இங்க மீன் எடுக்கறதில்ல" என்றார். சொல்லிக்கொண்டே மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி, உடைத்து, வாயில் போட்டார். நல்ல கடலை என்று பாராட்டினார். இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் ஒரு கை அள்ளித் தின்றார், நான்கு முறையும் பாராட்டினார், நான்கு முறையும் இது கடல் என்று எழுதி என்னைத் திருப்பி அனுப்பினார்.

9. தவறைத் திருத்தக் கோரி முதல் மனு கொடுத்தேன். குழப்பம் வரக் கூடாது என்று அதில் கவனமாக "நிலக்கடலை" என்றே எழுதினேன். இயந்திரம் அதை "நிலக்கடல்" என்று எடுத்துக்கொண்டது. நிலத்தால் சூழப்பட்ட கடல் என்று தீர்மானித்து மனுவை ஏரிகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து ஓர் ஆய்வாளர், ஆழம் அளக்கும் கோலுடன் வந்தார். வயலின் நான்கு மூலையிலும் கோலை ஊன்றிப் பார்த்தார். கடமையில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. கால் நனையக் கூடாது என்று அவர் போட்டு வந்திருந்த முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸில் புழுதி ஏறியதுதான் மிச்சம். "தண்ணி இல்லையேம்மா" என்றார். இருந்ததே இல்லை என்றேன். அறிக்கையில் "ஆழம்: பூஜ்யம். கடல் வற்றிய நிலையில் உள்ளது" என்று எழுதிவிட்டுப் போனார்.

10. அதன் பிறகு வந்த கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். வற்றிய கடலின் அடியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட ஐம்பத்து நான்கு மூட்டைப் பொருள்கள், கடலடிப் பொருள் என்ற முறையில் அரசுக்கே சொந்தம் என்றும், அவற்றை ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. ஐயா, நான் ஐந்து வாரமாக அவற்றை அரசிடம் ஒப்படைக்கத்தான் வண்டி பிடித்து வந்துகொண்டிருக்கிறேன். ஒரு வாசலில் வேண்டாம் என்கிறீர்கள், மறு வாசலில் கொடு என்கிறீர்கள். எடுத்துக்கொள்வதாக இருந்தால் துண்டறிக்கையில் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வாடகையை நானே கொடுத்துவிடுகிறேன்.

11. மண்டிக்காரர் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். மூட்டைகளைத் தட்டிப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், தன் கைப்பேசியைப் பார்ப்பார். வெளிநாட்டிலிருந்து எண்ணெய் வரும்போது போடும் வரியைக் குறைத்துவிட்டார்களாம், எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து பாமாயில் கப்பல் கிளம்பிவிட்டதாம், அது நெருங்க நெருங்க என் மூட்டையின் விலை இறங்குமாம். கடலுக்கும் எனக்கும் உள்ள ஒரே தொடர்பு அந்தக் கப்பல்தான். நேற்று அவர் சொன்ன விலை, ஆதரவு விலையில் பாதிகூட இல்லை. "கடல்ல வெளஞ்ச கடலைய வேற யாரு தங்கச்சி வாங்குவா?" என்றார். முப்பதாம் தேதிக்குப் பிறகு எனக்கு வேறு வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

12. மூட்டைகள் படுக்கையறையில் இருக்கின்றன. கட்டிலை வெளியே போட்டுவிட்டோம். வீட்டுக்காரர் லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்து மூட்டைகளின் மேலேயே படுத்துக்கொள்கிறார். நான் ஒரு நாளைக்கு மூன்று முறை ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் கையை விட்டுச் சூடு பார்க்கிறேன், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. சென்ற வாரம் பெய்த மழையில் ஓடு ஒழுகி, ஓரத்தில் இருந்த இரண்டு மூட்டையில் பூஞ்சை பிடித்துவிட்டது. பூஞ்சை பிடித்த கடலை மாட்டுக்கும் ஆகாது. வெளியே கொண்டுபோய்க் குழி வெட்டி மூடினேன். அன்று அழுதேன். இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, நடந்தது என்பதால் எழுதுகிறேன். இப்போது இருப்பது ஐம்பத்து இரண்டு. மறுபடியும் மேகம் கட்டியிருக்கிறது.

13. நான் கடன் தள்ளுபடி கேட்கவில்லை. மானியம் கேட்கவில்லை. இழப்பீடும் கேட்கவில்லை. எனக்கு வர வேண்டியது ஓர் எழுத்து. தங்கள் பதிவேட்டில் "ல்" மேல் இருக்கும் புள்ளியை எடுத்துவிட்டு, அதன் முன்னால் ஓர் ஐகாரக் கொம்பைப் போட வேண்டும். அவ்வளவுதான். பேனாவால் செய்தால் ஒரு நொடி. கணினிப் பிரிவில் கேட்டால், புள்ளியை எடுக்க மீன்வளத் துறையின் ஒப்புதலும், கொம்பு வைக்கக் கால்நடைத் துறையின் ஒப்புதலும் வேண்டும் என்கிறார்கள். இரண்டாவதை அவர்கள் விளையாட்டுக்குச் சொன்னார்களா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

14. இந்த மனுவைக் கையால் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து இதை இயந்திரத்தில் கொடுத்துவிட வேண்டாம். "என் கடலை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நான் கெஞ்சுவதை, கடலையே விலைக்குக் கொடுக்க வந்தவள் என்று அது புரிந்துகொண்டு என்னை எந்தத் துறைக்கு அனுப்புமோ தெரியாது. மனிதராகிய நீங்களே இதைப் படிக்க வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். முப்பதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்பது இரண்டாவது.

15. இந்தத் தாளின் கீழ் மூலையில் ஒரு காயை நூலால் தைத்திருக்கிறேன். இணைப்பு என்று அதற்கு எண் போடவில்லை, எண் போட்டால் யாராவது கோப்பில் வைத்துவிடுவார்கள். தாங்கள் அதைப் பிய்த்து, ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் இரண்டு பருப்பையும் தின்று பார்க்க வேண்டும். உப்புக் கரித்தால் அது கடல்தான், நான் மூட்டைகளை ஒப்படைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். கரிக்கவில்லை என்றால், வாயில் அந்த ருசி போவதற்குள் பேனாவை எடுத்து அந்தப் புள்ளியை அடித்துவிடுங்கள் ஐயா.

நாள்: இம்மாதம் 21
இடம்: தரை

இப்படிக்கு,
(கையொப்பம்)
கடலைக்காரி
(பிரித்துப் பொருள் கொள்ள வேண்டாம்)